இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்

அந்த அழைப்பு வந்தபோது நானும் அண்ணியும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருந்தோம். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. முன்னறையில் அண்ணன் படுத்திருப்பார். நடு அறையில் எங்கள் மேசை, இரண்டு மடிக்கணினிகள். சென்னையில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்துக்கு இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். நிறுவனத்தை நடத்தியவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அழைத்தால் இரண்டு பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம்.

அன்று சார் சுற்றி வளைத்துப் பேசினார். எங்கள் வேலைக்குப் பணம் கொடுத்துவந்த அறக்கட்டளை கையை இறுக்கிவிட்டது என்றார். நாங்கள் பயன்படுத்திய இரண்டு மென்பொருள்களுக்கும் ஒரே சமயத்தில் சந்தா முடிகிறது, இரண்டையும் புதுப்பிக்க வழியில்லை என்றார்.

"ஒன்னைத்தான்மா வெச்சுக்க முடியும். எதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி திங்கக்கிழமை சொல்லுங்க. ஒரே வீட்லதானே இருக்கீங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எங்கள் இருவராலும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க முடியவில்லை. எந்த மென்பொருள் போகிறதோ அதில் வேலை பார்ப்பவருக்கும் வேலை இருக்காது. அதை அவர் அப்படியே சொல்லவில்லை. "அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன வேலை கொடுக்கறதுன்னு எனக்கே தெரியலை" என்றார். அழைப்பு முடிந்ததும் அண்ணி எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் டிசைன் பார்ப்பவள். ஒரு ஆப் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும் என்று வரைந்து, உண்மையான ஆப் போலவே அழுத்திப் பார்க்கக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்வேன். அதைப் புரோட்டோடைப் என்போம். பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும், பெயர் கேட்கும், நன்றி சொல்லும். ஆனால் பின்னால் ஒன்றும் இருக்காது. கட்டுவதற்கு முன்பே மக்களிடம் கொடுத்துப் பார்த்தால் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அண்ணியின் வேலை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஆப் மக்கள் கைக்குப் போன பிறகு யார் திறந்தார்கள், எதை அழுத்தினார்கள், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று எண்ணிச் சொல்லும் அனலிட்டிக்ஸ் மென்பொருள் அவரிடம் இருந்தது. அவர் நைனார்பாளையத்துப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டோடு இருந்தவரை இந்த வேலைக்குச் சாரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டது நான்தான். அப்போது அண்ணன் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். உளுந்தூர்பேட்டை பக்கம் சாலை ஓரத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்மீது இன்னொரு வண்டி உரசிப் போனதிலிருந்து இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. வாக்கரைப் பிடித்துக் கழிவறை வரை போவார், பள்ளிக்குப் போகும் தங்கள் குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான். எங்கள் இருவர் சம்பளத்தில்தான் வீடு நின்றது. ஒருவருடையது நின்றால் எது முதலில் நிற்கும் என்று யோசித்தேன். அண்ணனின் பிசியோதெரபிதான் என்று தெரிந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

நாங்கள் செய்த ஆப் கல்வராயன் மலைக்காரர்களுக்கானது. மலைக் கிராமங்களிலிருந்து கீழே வர பஸ் கம்மி. ஷேர் ஜீப்தான் கதி. ஜீப் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாமல் சாலையில் நின்றே அரை நாள் போய்விடும். ஆப்பில் அழுத்தினால் பக்கத்திலிருக்கும் ஜீப்காரருக்குச் செய்தி போக வேண்டும். இதுதான் திட்டம். சில கிராமத்துக்காரர்கள் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு வந்தபோது ஏற்கெனவே அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தோம்.

அந்த வாரம் முழுக்க அதே மேசையில்தான் உட்கார்ந்தோம். ஆனால் அண்ணி தன் திரையை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன். சாருக்கு அனுப்ப அவர் எதையோ எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் எழுதுவதும் அவருக்குத் தெரியும். கட்டி முடித்த பிறகு தப்பைக் கண்டுபிடித்து என்ன பயன், முன்னாலேயே மாதிரி செய்து பார்த்தால் செலவு மிச்சம் என்று நான் எழுதினேன். மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் வரைந்துகொண்டே இருந்தால் யாருக்காக வரைகிறோம் என்று அவர் எழுதியிருப்பார். இரண்டும் சரிதான். அதுதான் கொடுமை. ஒன்று அபத்தமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாப்பிடும்போது குழந்தையிடம் பேசினோம், அண்ணனிடம் பேசினோம். எங்களுக்குள் உப்பு, தண்ணீர், கேஸ் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேர் வேலையும் போனா கூட எப்டியாச்சும் பாத்துக்கலாம். இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு இருக்காதீங்க. என்னால பாத்துக்கினு படுத்திருக்க முடியலை."

எப்படியாச்சும் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அண்ணிதான் முதலில் வாய் திறந்தார். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரர்களின் போன்கள் எல்லாமே பூஜ்யம் காட்டுகின்றன என்றார். ஒருவர்கூடத் திறக்கவில்லை. "உன் ஸ்க்ரீன் அவங்களுக்குப் புரியலை பாப்பா. அதான் தொடவே இல்லை" என்றார். வீட்டில் எல்லோருக்கும் நான் பாப்பாதான், முப்பது தாண்டிய பிறகும். நான் உடனே, அப்படியென்றால் புது டிசைன் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், அதைக் கொண்டுபோய் அந்த ஊரிலேயே காட்டிப் பார்க்கலாம் என்றேன். அவர் என்னோடு வருவதாகச் சொன்னார். தன் எண் சரிதான் என்று நேரில் பார்க்க அவருக்கு ஆசை. என் வரைபடம் வேலை செய்கிறது என்று அவர் கண்முன்னால் காட்ட எனக்கு ஆசை. இரண்டு பேருமே ஜெயிக்கத்தான் போனோம்.

சனிக்கிழமை காலை அண்ணனையும் குழந்தையையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ் ஏறினோம். மலை வளைவுகளில் அண்ணி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். முன்பெல்லாம் என் தோளில் சாய்ந்துகொள்வார். அன்று ஜன்னல் கம்பியில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டார். வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் இடுக்கி உட்கார்ந்து போய், அப்புறம் மண் பாதையில் நடந்தோம். ஒரு பக்கம் மரவள்ளி, இன்னொரு பக்கம் சரிவில் சாமை. நடக்க நடக்க போனில் டவர் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, ஊருக்குள் நுழையும்போது ஒன்றும் இல்லாமல் போனது. எனக்குக் கவலையில்லை. என் மாதிரி ஆப்பை இணையம் இல்லாமலே ஓடும்படி போனில் இறக்கி வைத்திருந்தேன்.

முதல் வீட்டில் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் வாசலில் நின்றிருந்தார். வெள்ளிமலையில் ஆப் ஏற்றிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை உடனே கண்டுகொண்டார். "ஜீப்பு போன்ல வருதே, அந்த ஆளுங்கதானே நீங்க" என்றார். ஆமாம் என்றோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவர் முகம் வாடியிருந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

என் போனை அவர் கையில் கொடுத்து, "இது சும்மாதாங்க, அழுத்திப் பாருங்க" என்றேன்.

சும்மா என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பார்ப்பதற்காக, விளையாட்டாக, நிஜமில்லை என்ற அர்த்தத்தில். இந்தச் சொல்லுக்கு இலவசம் என்றும் ஒரு அர்த்தம் இருப்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

அவர் தயங்காமல் அழுத்தினார். எங்கிருந்து, எங்கே போக வேண்டும், எத்தனை பேர். ஒரு இடத்திலும் விரல் நிற்கவில்லை. என் டிசைன் இவ்வளவு சரியாக ஓடி நான் பார்த்ததில்லை. ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தேன். அவர் முகம் இறுகியிருந்தது. கடைசிப் பக்கத்தில், நான் எழுதி வைத்திருந்தபடி, பச்சை நிறத்தில் வந்தது: உங்கள் வண்டி புறப்பட்டுவிட்டது. கீழே ஒரு சின்ன ஜீப் படம் பாதையில் நகர்ந்தது.

அந்தப் பெண் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். ஏதாவது சாப்பிடக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். அவர் ஒரு ஆளைத் தோளில் சாய்த்து வெளியே கூட்டிவந்தார். அந்தப் பெண்ணின் கணவர். போர்வையைச் சுற்றியிருந்தார். மூச்சு விடும்போது நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவரைச் சிரமப்பட்டு ஒரு கல்லில் உட்காரவைத்து, கையில் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் பாதையைப் பார்த்து நின்றார்.

"வண்டி இங்கயே வருமா, மேட்டுக்கு இட்டுக்கினு போவணுமா?" என்று கேட்டார்.

அண்ணிதான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது நிஜமான ஆப் இல்லை, பழகிப் பார்க்கக் கொண்டுவந்தது, வண்டி எதுவும் வராது என்று சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "வருதுன்னு போட்டுச்சே. காசுகூட வாணாம், சும்மாதான்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள் ஏதோ மறந்துவிட்டது போலவும் அவர் எடுத்துக் கொடுப்பது போலவும் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம்.

அப்புறம்தான் தன் போனை எடுத்துக் காட்டினார். எங்கள் உண்மையான ஆப். ஜுரம் வந்த நாளிலிருந்து காலையிலும் சாயங்காலமும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பொத்தான் அழுந்தியிருக்கிறது, நடுவில் ஒரு வட்டம் சுற்றியிருக்கிறது, டவர் இல்லாததால் செய்தி எங்கும் போகவில்லை. சுற்றுகிற வட்டத்தை அவர் வண்டி வருவதற்கான அறிகுறி என்று நினைத்து வீட்டுக்காரரைத் தயார் செய்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். "எங்க ஊருல எல்லாரும் அழுத்தறோம். சுத்திக்கினே இருக்குது" என்றார்.

அண்ணி அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மென்பொருளில் இந்த ஊருக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. ஒருவரும் தொடவில்லை என்று சாருக்கு அறிக்கைகூட அனுப்பிவிட்டார். டவர் இருந்து, செய்தி வந்து சேர்ந்தால்தான் அது எண்ணும். சேராதவர்கள் அதன் கணக்கில் பிறக்கவே இல்லை. அந்த வாரத்தில் முதல்தடவையாக அவர் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்கு நேரமும் இல்லை. அண்ணி அந்த மனிதரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா, ஓடு, ரோட்டுல எது வந்தாலும் நிறுத்து" என்றார். நான் ஓடினேன். மேட்டில் ஏறினேன், டவர் ஒரு கோடு வந்தது, ஆம்புலன்சுக்கு அடித்தேன், பேசத் தொடங்கியதும் அறுந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அறுந்தது. நாங்கள் ஆப்பில் சேர்த்திருந்த ஜீப்காரர்களின் எண்கள் என்னிடம் இருந்தன. ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் கருமந்துறை பக்கம் போயிருப்பதாகச் சொல்லி முடிப்பதற்குள் கோடு போய்விட்டது. அங்கே நின்று வாய்விட்டு அழுதேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சுற்றிச் சுற்றி வந்தேன். கீழே ரோட்டில் சத்தம் கேட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரி. சரிவில் உட்கார்ந்து சறுக்கியபடியே இறங்கி அதன் முன்னால் போய் நின்றேன்.

டிரைவர் முதலில் திட்டினார். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டி, என்னோடு வந்து அந்த மனிதரைத் தூக்கிவர உதவினார். முன் சீட்டில் அவரும் அவர் மனைவியும். நானும் அண்ணியும் பின்னால் கிழங்கு மூட்டைகள்மேல் படுத்த மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் மூட்டை நகர்ந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல்கள் பதிந்து வலித்தது. வெள்ளிமலைக்கு முன்னாலேயே போன்களில் டவர் வந்ததும், அந்தப் பெண்ணின் போனில் தங்கியிருந்த கோரிக்கை ஏதும் போகிறதா என்று முன்னால் எட்டிக் கேட்டோம். இல்லை. ஆப்பை மூடியதும் அவை அழிந்துவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். நுரையீரலில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நாங்கள் வராந்தாவில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அவர் என்னிடம் கேட்டார்.

"உன் போன்ல, வண்டி பொறப்பட்டுச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க எழுதி வெச்சேன்."

அவர் வெந்நீர் எங்கே பிடிப்பது என்று அண்ணியிடம் கேட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் வருவதுமாக இருந்தார். நான் கணினியைத் திறக்கவில்லை. சாருக்காக எழுதியதையெல்லாம் படித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. ஆனால் யோசித்தேன். கண்ணை மூடினால் அந்தப் பச்சை எழுத்தும், போர்வை சுற்றிய ஆளும்தான். ஒரு தாளில் பென்சிலால் ஜீப் வரைந்து நீட்டியிருந்தால் அந்தப் பெண் புருஷனை வெளியே கூட்டி வந்திருக்கமாட்டார். என் வேலையைத் தாளில் செய்ய முடியும். அழகாக இருக்காது, மெதுவாகப் போகும், சாருக்குக் காட்டப் பளபளப்பாக இருக்காது, ஆனால் முடியும். மலையில் அழுத்துகிறவர்களை எண்ணுவதைத் தாளில் செய்ய முடியாது. அந்த மென்பொருள் பூஜ்யம் என்று பொய் சொன்னது உண்மைதான். ஆனால் டவர் இல்லாதபோது அழுத்தியதை போனிலேயே சேர்த்து வைத்து, டவர் கிடைத்ததும் அனுப்பும்படி செய்தால் அந்தப் பொய் திருந்தும். யாருக்கும் கேட்காமல் யார் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவராவது பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு தெளிவாக அன்று யோசித்தேனா என்று சொல்ல முடியாது. பாதி யோசனை, பாதி பயம். வேலை இல்லாத முதல் மாதம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு தடவை மனசை மாற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சார் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டோம். அண்ணி பேச வாய் எடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "அனலிட்டிக்ஸை வெச்சுக்குங்க சார். டிசைனைத் தாள்ல பாத்துக்கலாம்." மலையில் நடந்ததைச் சொன்னேன். ஆப்பில் சேர்த்து வைத்து அனுப்பும் வசதி வேண்டும், டவர் இல்லாவிட்டால் வட்டம் சுற்றாமல், டவர் இல்லை என்று நேராகச் சொல்ல வேண்டும், பக்கத்து ஜீப்காரர் எண்ணைத் திரையிலேயே பெரிதாகப் போட வேண்டும் என்று சொன்னேன். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதையெல்லாம் செய்யச் சொல்கிறேன் என்றார். பிறகு, மாத முடிவு வரை என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. முடிவை அவர் எடுக்க வேண்டியிருக்கவில்லை அல்லவா.

அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுக்கவும் இல்லை. மறுப்பார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் பேசாமல் இருந்த அந்தச் சில விநாடிகள்தான் எனக்கு மலையில் பார்த்ததைவிட அதிகமாக வலித்தன.

அந்த மனிதர் பிழைத்து ஊர் திரும்பினார். ஆப்பை மாற்றினார்கள். கடைசி வாரத்தில் புதுத் திரையைத் தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்பினேன். அதுதான் அந்த நிறுவனத்தில் என் கடைசி வேலை. சந்தா முடிந்த அன்று என் கோப்புகளெல்லாம் பார்க்க மட்டும் முடியும், தொட முடியாது என்று ஆகிவிட்டது.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் இருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. முகங்களை வெட்டி, பின்னால் ரோஜாவோ மேகமோ ஒட்டுகிறேன். சம்பளம் பாதிக்கும் கம்மி. பிசியோதெரபிக்காரர் இப்போது வருவதில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை அண்ணன் தானே கையால் காலை மடக்கிச் செய்கிறார், நாங்கள் பார்க்காத நேரத்தில். சென்னைக் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். அவர்கள் முதலில் கேட்பதே எந்த மென்பொருளில் இப்போது வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான். தாளில் என்றால் சிரிக்கிறார்கள், அல்லது மரியாதைக்குச் சிரிக்காமல் இருக்கிறார்கள். புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அண்ணி என்னைக் கூப்பிட்டுத் தன் திரையைக் காட்டினார். அந்த மலை ஊரிலிருந்து கோடு கோடாக வந்திருந்தது. காலையில் அழுத்தியது சாயங்காலம் மேட்டுக்கு வந்ததும் மொத்தமாக இறங்கியிருந்தது. சில கோரிக்கைகளுக்கு ஜீப் போயிருந்தது. பலவற்றுக்குப் போகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. நல்லாயிருக்கு அண்ணி என்றேன். உலை வைக்கப் போனேன்.

அவர் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். அரிசி களையும் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உன் எடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன் பாப்பா" என்றார். "குழந்தைய நெனச்சுக்கினு வாய மூடிக்கினுதான் இருந்திருப்பேன். அன்னிக்கும் அப்டித்தான் இருந்தேன்."

"தெரியும் அண்ணி" என்றேன்.

அவர் அரிசியைக் களைந்தார். நான் தக்காளியை நறுக்கினேன். முன்னறையில் அண்ணன் குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஏழில் தடுக்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.